நாலு ஊருக்கு ஒரு ஹெலிகாப்டர்: பங்கு போட்டால் கட்டுமா?

கேள்வி இது: "அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நகரங்கள் சேர்ந்து ஒரே போலீஸ் ஹெலிகாப்டர் பிரிவை வைத்துக்கொண்டு செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நாலும் சேர்ந்து அப்படி ஒன்று வைத்துக்கொள்ள முடியாதா? தோட்டத்து வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். என் அப்பா அம்மாவும் பெருந்துறைப் பக்கம் அப்படித்தான் இருக்கிறார்கள். நான் வெளிநாட்டில். ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் யார் வருவார்கள்?"

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் ஹெலிகாப்டர் பராமரிப்பு இன்ஜினியராக 22 வருஷம் வேலை பார்த்தவன். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்து, இப்போது அங்கேயே திரும்பி வந்து இருக்கிறேன். கேள்வியின் இரண்டு பாதியும் எனக்குத் தெரிந்த விஷயம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாலு ஊர் போலீஸ் மட்டும் பங்கு போட்டு ஹெலிகாப்டர் வைத்தால் கட்டாது. காட்டிலாகா, தீயணைப்பு, சுகாதாரம், போலீஸ் என்று நாலு துறை பங்கு போட்டு, வருஷத்தில் சில மாதங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் கட்டும். ஆனால் அது வந்தாலும், ராத்திரியில் உங்கள் அப்பா அம்மா இருக்கும் தோட்டத்துக்கு உதவிக்கு வராது. ஏன் என்று விளக்குகிறேன்.

அமெரிக்காவில் போலீஸ் என்பது பெரும்பாலும் அந்தந்த நகரத்தின் சொந்தத் துறை. நம் ஊரில் குப்பை வண்டியும் தெருவிளக்கும் மாநகராட்சி கையில் இருப்பது போல அங்கே போலீசும் நகர நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வரி வசூலித்து, பட்ஜெட் போட்டு, தன் போலீசுக்குத் தானே சம்பளம் கொடுக்கிறது. கலிபோர்னியாவில் பர்பேங்க், க்ளெண்டேல் என்று இரண்டு நகரங்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பீளமேட்டுக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவே கோடு போட்டு இரண்டு மாநகராட்சி ஆக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே ஆகாயம். அதில் ஆளுக்கொரு ஹேங்கர் (ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகை), ஆளுக்கொரு மெக்கானிக் கூட்டம் எதற்கு என்று யோசித்துச் சேர்ந்துகொண்டார்கள். நியாயமான யோசனை.

அதே கலிபோர்னியாவில் இன்னொரு ஜோடியின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோஸ்டா மேசா, நியூபோர்ட் பீச் என்ற இரண்டு நகரங்கள் 1996-இல் தங்கள் ஹெலிகாப்டர் பிரிவுகளை ஒன்றாக்கி 'ஏபிள்' என்ற பெயரில் நடத்தின. பதினைந்து வருஷம் ஓடியது. நகரங்களின் கையில் பணம் சுருங்கியதும் 2011-இல் கலைத்துவிட்டார்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் ஹண்டிங்டன் பீச் போலீசின் ஹெலிகாப்டரைப் பணம் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பணக்கார ஊர்களுக்கே இந்தக் கணக்கு ஒரு கட்டத்தில் கையைக் கடித்திருக்கிறது.

நம் ஊர் ஏற்பாடு வேறு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி போலீஸ் மாநிலப் பட்டியலில் வருகிறது. கோவை மேயருக்கும் கோவை போலீஸ் கமிஷனருக்கும் நடுவே பட்ஜெட் தொடர்பே கிடையாது. கோவை, திருப்பூர், சேலம் மூன்று மாநகரங்களுக்கும் கமிஷனர் இருக்கிறார். ஈரோடு எஸ்.பி.யின் கீழ் இருக்கிறது. மாவட்டங்களை மேற்பார்க்கக் கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி. இருக்கிறார். எல்லோருக்கும் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து வருகிறது. ஆக, 'நாலு ஊர் பணத்தைப் பங்கு போடுவது' என்பது இங்கே ஒரே வீட்டில் சட்டைப் பையை மாற்றி வைப்பது மாதிரிதான். நாம் பங்கு போட வேண்டியது ஹெலிகாப்டரின் நேரத்தை. சிக்கல் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

செலவுக்கு வருவோம். வாளையாரைத் தாண்டினால் நல்ல உதாரணம் கிடைக்கிறது. கேரள போலீஸ் 2020-இல் பவன் ஹான்ஸ் நிறுவனத்திடம் இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தது. மாதம் 20 மணி நேரம் பறக்க 1 கோடியே 44 லட்சம் ரூபாய். மணிக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. கொரோனா காலத்தில் இது தேவையா என்று பெரிய சர்ச்சை நடந்து, அந்த ஒப்பந்தம் தொடரவில்லை. பிறகு 2023-இல் வேறொரு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் மாதம் 25 மணி நேரத்துக்கு 80 லட்சம். அதற்கு மேல் பறந்தால் ஒவ்வொரு மணிக்கும் 90 ஆயிரம்.

அந்த 90 ஆயிரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கூடுதல் மணிக்கு 90 ஆயிரம்தான் என்றால், 25 மணி நேரம் பறப்பதற்கு ஆகும் செலவு 22 லட்சத்து 50 ஆயிரம். மீதி 57 லட்சத்துச் சொச்சம் எதற்கு? ஹெலிகாப்டர் தயாராக நிற்பதற்கு. பைலட் சம்பளம், இன்ஜினியர் சம்பளம், இன்சூரன்ஸ், ஹேங்கர் வாடகை, உரிமையாளர் வாங்கிய கடனுக்கு வட்டி. எரிபொருளைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஒற்றை டர்பைன் இன்ஜின் உள்ள சின்ன ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் 180 லிட்டர் குடிக்கும். மொத்தச் செலவில் அது சின்னப் பங்குதான். பறக்காவிட்டாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். பிளேடு, கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பறந்த மணிக்கணக்கில் ஆயுள் உண்டு. பல பாகங்களுக்குக் காலண்டர் கணக்கிலும் ஆயுள் உண்டு. ஹேங்கரில் சும்மா நின்றாலும் தேதி வந்தால் கழற்றியே ஆக வேண்டும்.

பங்கு போட்டால் குறையும் என்று சொல்வது இந்த நிற்கிற செலவுதான். அது உண்மையும்கூட. கேரளாவின் இரண்டாவது ஒப்பந்தக் கணக்கையே நமக்கு வைத்துப் பார்ப்போம். வரி போக வருஷத்துக்கு 9 கோடியே 60 லட்சம், 300 மணி நேரம். நாலாகப் பிரித்தால் ஊருக்கு 2 கோடியே 40 லட்சம், 75 மணி நேரம். மாதத்துக்கு ஆறேகால் மணி நேரம். ஒரு நாளைக்குப் பிரித்தால் பன்னிரண்டரை நிமிஷம்.

இதையும் எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க முடியாது. ஹெலிகாப்டரைக் கோவையில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆகாய வழியில் திருப்பூர் 43 கிலோமீட்டர், ஈரோடு 90, சேலம் கிட்டத்தட்ட 150. மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பூருக்கு 12 நிமிஷம், ஈரோட்டுக்கு 25 நிமிஷம், சேலத்துக்கு 40 நிமிஷம். சேலம் மாதத்தில் நாலு தடவை கூப்பிட்டால் போக வர மட்டுமே 5 மணி 20 நிமிஷம் கரைந்துவிடும். அதன் பங்கான ஆறேகால் மணியில் மிச்சம் 55 நிமிஷம். நாலு சம்பவத்துக்கும் சேர்த்து 55 நிமிஷம். திருப்பூரும் அதே பணம் கொடுத்து அதே நாலு தடவை கூப்பிட்டால் நாலரை மணிக்கு மேல் மிஞ்சும்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் இதே கணக்கைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்கும், பெரியப்பாவுக்கும், சித்தப்பாவுக்கும் பொதுக் கிணறு. ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்று. மோட்டார் காயில் போனால் மூணாகப் பிரித்துக் கட்டிவிடுவார்கள். பணத்துக்காக ஒருநாளும் வாய் வார்த்தை தடித்ததில்லை. முறைக்குத்தான் தடிக்கும். சித்தப்பாவின் காடு கடைசியில், பள்ளத்தை ஒட்டி. அப்போது எல்லாம் மண் வாய்க்கால். கோடையில் மடையைத் திருப்பிவிட்டால் தண்ணீர் அவர் வயலில் போய் விழ முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு வைகாசி ராத்திரி அவர் மோட்டார் ரூம் வாசலில் டார்ச் லைட்டும் கைக்கடிகாரமுமாக நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அண்ணா, உங்க தண்ணி மடை தொறந்ததும் உளுந்துருது. எனக்கு வாய்க்கா குடிச்சது போக மிச்சந்தானுங்க வருது. மோட்டார் போட்ட நேரத்துலருந்து கணக்கா, என்ற வயல்ல உளுந்த நேரத்துலருந்து கணக்கா?" என்றார். பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் எழுதினார்: மூணு பேர் பெயர், ஆளுக்கு நாலு மணி நேரம், சித்தப்பா பெயருக்கு நேரே மட்டும் நாலே முக்கால். அவசரத்துக்கு யாராவது நாற்றுக்குத் தண்ணீர் கேட்டால் அன்றைய முறைக்காரர் ஒரு மணி நேரம் விட வேண்டும், அதை அடுத்த வாரம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் கீழே ஒரு வரி. அதற்குப் பிறகு சண்டை இல்லை.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசனத்திலும் கீழ்பவானிப் பாசனத்திலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் படும் பாடு இதேதான். ஹெலிகாப்டரில் சேலம் கடைமடை. ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது அந்தக் கரித்துண்டுக் கணக்கு: போக வர ஆகும் நேரம் யார் பெயரில் ஏறும்? ஒரே நேரத்தில் இரண்டு ஊர் கூப்பிட்டால் எது முதலில்? அதைத் தீர்மானிக்கிற ஆள் யார்? இதை எழுதாமல் பணப் பங்கை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனித்தனியாக ஹெலிகாப்டர் வைத்திருந்த போலீஸ் படைகளை 2012 அக்டோபரிலிருந்து ஒரே தேசிய வான் சேவையின் கீழ் கொண்டுவந்தார்கள். மேற்கு யார்க்‌ஷயர் போலீஸ் தலைமை தாங்கியது. செலவு குறைக்கத் தளங்களையும் குறைத்தார்கள். 2017-இல் காவல்துறையைத் தணிக்கை செய்யும் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படைகளுக்கு நல்ல சேவை, தூரத்தில் இருப்பவர்களுக்குத் தாமதம், பல அழைப்புகளில் ஹெலிகாப்டர் போய்ச் சேரும் முன்பே திருப்பிக்கொள்ள வேண்டிய நிலை என்று அதில் இருந்தது. அங்கேயும் வாய்க்கால்தான் தண்ணீரைக் குடித்திருக்கிறது.

சரி, தளத்தை நடுவில் வைத்தால்? பெருந்துறையோ காங்கேயமோ தூரக் கணக்கில் நல்ல இடம்தான். ஆனால் எரிபொருள், ஹேங்கர், வானிலைத் தகவல், கட்டுப்பாட்டுக் கோபுரம் போன்ற வசதிகளை விமான நிலையத்தில்தான் எதிர்பார்க்க முடியும், நம் பக்கம் அது கோவையிலும் சேலம் காமலாபுரத்திலும்தான் இருக்கிறது. புதிதாக ஒன்று கட்டினால் மிச்சம் பிடித்த பணம் அதில் போய்விடும்.

இன்னொரு விஷயம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு ஹெலிகாப்டர் என்றால் அது வருஷத்தில் எல்லா நாளும் பறக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு விடியற்காலை, பயணத்துக்கு ஆட்கள் காரில் வந்து காத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸில் காந்த முனை உள்ள ஒரு பிளக் இருக்கும். எண்ணெயில் இரும்புத் துகள் ஏதாவது சுற்றினால் அதில் ஒட்டிக்கொள்ளும். அன்றைய ஆய்வில் அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தேன். கண் இமை முடியில் பாதி நீளத்துக்கு ஒரு மினுக்கம். விரல் நுனியில் வைத்து உருட்டினால் தெரிகிறது, இழைத்த இரும்பு. அவ்வளவுதான், அன்றைக்கு ஹெலிகாப்டர் நின்றுவிட்டது. எண்ணெயை வடித்து, வடிகட்டியைப் பார்த்து, தரையில் ஓட்டிப் பார்த்து, மறுபடியும் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, மூன்றாம் நாள்தான் பறந்தது. காத்திருந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிந்தது, ஆனால் அந்தத் துகளோடு யாரையும் மேலே அனுப்ப முடியாது. நாலு ஊர் ஒன்றை நம்பி இருக்கும்போது இப்படி ஒரு காலை வந்தால் நாலு ஊருக்கும் இல்லை. மாற்று ஹெலிகாப்டர் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடலாம். போட்டால் வாடகை ஏறும்.

இப்போது ராத்திரி விஷயம். அமெரிக்க போலீஸ் ஹெலிகாப்டரின் முழு மதிப்பும் இருட்டில்தான். உடல் சூட்டைக் காட்டும் கேமரா, பெரிய தேடல் விளக்கு, கீழே இருக்கும் ரோந்து காரோடு நேரடிப் பேச்சு. ஓடுகிறவன் எந்தக் கொல்லையில் பதுங்கினான் என்று மேலிருந்து சொல்வார்கள். இந்தியாவில் கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் பறக்கிற விமானங்களுக்குச் சூரியன் மறைந்து 20 நிமிஷத்திலிருந்து சூரியன் உதிப்பதற்கு 20 நிமிஷம் முன்பு வரை, தனி விலக்கு இல்லாமல், அனுமதி கிடையாது. அதைச் சட்டம் மாற்றிச் சரி செய்யலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை மாற்ற முடியாது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நூறு மீட்டருக்கு மேல் சிறகு விரித்து நிற்கின்றன. புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் லைன் உட்படப் பெரிய மின்கோபுரங்கள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் கோவைக்குக் கிழக்கே ஆகாயத்தில் பெரும்பகுதிக்கு அவர்கள் அனுமதி வேண்டும். இதற்குள் இருட்டில், தாழ்வாக, ஒரு தோட்டத்தைத் தேடி வட்டமடிக்க நான் எந்த பைலட்டிடமும் சொல்ல மாட்டேன்.

அதோடு, நம் பக்கம் நடந்த குற்றங்களையே எடுத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் பெற்றோரும் மகனுமாக மூன்று பேரைக் கொன்றார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதியை. சிவகிரியில் நடந்தது வெளியே தெரியவே சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் ஈரோட்டில் பத்து ஹெலிகாப்டர் தயாராக நின்றிருந்தாலும் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது. எங்கள் அம்மாவும் இதே மாதிரி வீட்டில்தான் படுக்கிறார். 2024 செப்டம்பரில் திருச்சூரில் ஏ.டி.எம்.களை உடைத்த கும்பல் என்ன செய்தது? தப்பித்த காரையே கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு நம் பக்கம் வந்தது. மேலிருந்து தேடியிருந்தால் காரைத் தேடியிருப்போம். கார் லாரிக்குள் இருந்தது. கேரள போலீஸ் கொடுத்த தகவலும், குமாரபாளையம் பக்கம் ரோட்டில் துரத்திய நாமக்கல் போலீசும்தான் அவர்களைப் பிடித்தன. அதில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார்.

அப்படியானால் கொங்கு நாட்டுக்கு ஹெலிகாப்டரே வேண்டாமா? வேண்டும். மலைக்கு வேண்டும்.

2023 ஏப்ரலில் கோவை மதுக்கரை வனச்சரகத்தில் மலை நாள்கணக்கில் எரிந்தது. வனத்துறை ஆட்கள் பச்சைத் தழையை ஒடித்து அடித்துத்தான் தீயை மடக்குவார்கள். செங்குத்துப் பாறைக்கு அப்படி ஏற முடியாது. விமானப்படையின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர் பெரிய பையைத் தொங்கவிட்டுக்கொண்டு மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது. கேரள அணைத் தண்ணீர், மத்திய அரசு ஹெலிகாப்டர், தமிழ்நாட்டுக் காடு. நீங்கள் கேட்ட பகிர்வு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோதும் சூலூரிலிருந்து அதே மாதிரி வந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு உணவுப் பொட்டலம் கொண்டுபோனதும் சூலூர் ஹெலிகாப்டர்கள்தான்.

விமானப்படை உதவியில் ஒரே குறை நேரம். மாவட்ட நிர்வாகம் கேட்டு, மாநில அரசு வழியாகக் கோரிக்கை போய், அனுமதி வந்து, அப்புறம் கிளம்ப வேண்டும். காட்டுத்தீயில் முதல் நாள் ஒரு ஏக்கர், மூன்றாம் நாள் ஒரு மலை. முதல் நாளே பறக்கக்கூடிய சின்ன ஹெலிகாப்டர் ஒன்று மாசி முதல் சித்திரை வரை கோவையில் நின்றால், அதன் வாடகை காடாகவே திரும்பி வரும் என்று நம்புகிறேன். அதே ஹெலிகாப்டரை ஆடியில் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வெள்ளத்துக்கும், ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரி மண்சரிவுக்கும் வைக்கலாம். காவிரியில் 2018-லும் 2022-லும் தண்ணீர் எப்படி வந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். இடையில் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு இதயம் கொண்டுபோக ஒரு அழைப்பு வந்தால் போகலாம். கேரள போலீஸின் அந்த வாடகை ஹெலிகாப்டர் 2020 மே மாதம் முதல் வேலையாகச் செய்ததே, திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு ஒரு இதயத்தைக் கொண்டுசேர்த்ததுதான். பயன்பாட்டைப் பற்றி அத்தனை விமர்சனம் வந்த ஹெலிகாப்டர், அந்த ஒரு நாள் ஒருவருக்கு உயிர் கொடுத்தது.

இப்படி ஆறு மாதம் வாடகைக்கு எடுத்தால், ஒவ்வொரு துறைக்கும் தேவை வெவ்வேறு மாதத்தில் வருகிறது. வனத்துறைக்கு வெயிலில், தீயணைப்புத் துறைக்கு மழையில். நாலு ஊர் போலீசுக்கும் தேவை ஒரே ராத்திரியில்கூட வரலாம், ஏனென்றால் நாலு ஊருக்கும் பண்டிகைக் காலம் ஒன்றுதான். கூட்டுக் கிணறு ஏன் ஓடுகிறது? ஒருவர் கரும்பு வைத்தால் ஒருவர் மஞ்சள் வைக்கிறார், ஒருவர் மானாவாரிச் சோளம் போதும் என்கிறார். மூணு பேரும் நெல் வைத்தால் எந்தக் கிணறும் தாங்காது.

மலையில் பறப்பதும் லேசான வேலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டன் போன ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட எல்லோரும் உயிரிழந்தார்கள். அனுபவம் மிகுந்த பைலட்டும் நல்ல ஹெலிகாப்டரும் இருந்தும், மேகம் அந்த மலையில் அப்படி இறங்கும். ஆகவே 'வானிலை சரியில்லை, பறக்க மாட்டேன்' என்று பைலட் சொன்னால் எந்த அதிகாரியும் மறுபேச்சுப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் எதற்குப் பறந்தது என்று மாதாமாதம் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கணக்குத் தணிக்கை அதிகாரி 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். அந்த நகரப் போலீசிடம் 17 ஹெலிகாப்டர், வருஷச் செலவு கிட்டத்தட்ட 5 கோடி டாலர், மணிக்கு 2,916 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அதில் பறந்த நேரத்தில் 61 சதவீதம் முக்கியத்துவம் குறைந்த வேலைகளுக்கு: சும்மா ரோந்து, ஆட்களை ஏற்றிப்போவது, விழாக்களில் மேலே சுற்றுவது. அவ்வளவு கட்டுப்பாடு உள்ள ஊரிலேயே இப்படி என்றால், இங்கே தலைவர்கள் கூட்டத்துக்குப் போக அந்த ஹெலிகாப்டரைக் கேட்காமல் இருப்பார்களா? கேட்டால் 'இல்லை' என்று சொல்லும் தைரியம் ஒரு மாவட்ட அதிகாரிக்கு எங்கிருந்து வரும்? வெளியிட்ட கணக்குதான் அவருக்குத் துணை.

போலீசுக்கு என்று தனியாக ஆகாயத்தில் ஏதாவது வேண்டுமானால் ட்ரோன் போதும். சென்னை அடையாறில் தமிழ்நாடு போலீஸ் 2023 ஜூனில் ட்ரோன் பிரிவு தொடங்கியது. 3 கோடியே 60 லட்சம் ரூபாயில் ஒன்பது ட்ரோன். நாம் மேலே போட்ட ஒரு வருஷ ஹெலிகாப்டர் வாடகையில் அதைப்போல இரண்டரைப் பிரிவு அமைக்கலாம், அதுவும் சொந்தமாக. பல்லடம், காங்கேயம், பெருந்துறை, சங்ககிரி என்று உட்கோட்டத்துக்கு ஒன்று, சூட்டுக் கேமராவோடு கொடுத்தால் ஒரு கரும்புக் காட்டையோ சோளக் காட்டையோ ராத்திரியில் நாலு பேர் செய்யும் தேடலை ஒருவர் செய்யலாம். பேட்டரி அரை மணி நேரம் நின்றாலே பெரிது, ஆடிக் காற்றில் தடுமாறும், சூலூர், பீளமேடு விமானத் தளங்களின் சுற்றுவட்டாரத்தில் முன்அனுமதி வேண்டும். குறைகள் இருந்தாலும் நாலு ஊர் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக உங்கள் அப்பா அம்மா. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இந்தத் தோட்டத்தில் இரண்டு பேர் தனியாக இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்து, ராத்திரி ரோந்தில் அந்த வீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் போனில் தமிழ்நாடு போலீசின் 'காவல் உதவி' செயலியை ஏற்றி, எப்படி அழுத்துவது என்று பக்கத்தில் இருப்பவரை விட்டு இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை காட்டினால் மறந்துவிடுவார்கள்.

அப்புறம் எங்கள் பக்கம் செய்ததைச் சொல்கிறேன். சிவகிரிச் சம்பவத்துக்குப் பிறகு ஐந்து தோட்டத்துக்காரர்கள் பணம் போட்டு வீட்டுக்கு ஒரு சைரன் வைத்தோம். மில்லில் ஷிப்டுக்கு ஊதுவார்களே, அந்த மாதிரி. கரண்ட் போனாலும் ஊத பேட்டரி. சுவிட்ச் கட்டில் தலைமாட்டில். ஊதினால் ஒரு கிலோமீட்டருக்குக் கேட்கும். போன மார்கழியில் ராத்திரி ஒன்றரை மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து அத்தை வீட்டில் ஊதியது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக ஓடிப் போனபோது எனக்கு முன்னால் மூன்று பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி, காலில் செருப்புகூட இல்லை. உள்ளே வந்தது காட்டுப் பன்றி. மாட்டுச் சாளையின் தகரக் கதவை முட்டியிருக்கிறது. அத்தை கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, "யாருங்கண்ணு அது, நம்ம பசங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு பேரும் ஒவ்வொருவராகப் பெயர் சொன்ன பிறகுதான் திறந்தார். ஊதியதிலிருந்து அதுவரை ஏழு நிமிஷம்.

உங்கள் தோட்டத்தைச் சுற்றி எத்தனை வீடு இருக்கிறது, எது எவ்வளவு தூரம், மும்முனைக் கரண்ட் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுங்கள். சைரன் எந்த அளவில் வாங்குவது, பேட்டரி என்ன, வயர் எப்படி இழுப்பது என்று சொல்கிறேன். தை மாதம் பெருந்துறைப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. அப்பா சரி என்றால் நானே நேரில் வந்து பார்த்துவிடுகிறேன்.